வினாவும் நல்கையும்

நுழையும்முன்

நோயைத் தீர்க்கும் மருத்துவரை நாம் அறிவோம். அந்நோயைப் பற்றி வினா எழுப்பி, ஆண்டுக்கணக்கில் விடை தேடும் மருத்துவரை அவ்வளவாக அறியோம். இருவரும் ஒருவராகவே இருக்க இயலும். அதற்கு வேண்டிய காலத்தையும் பொருளையும் தருவது ஆய்வு நல்கை. புற்றுநோய் மருத்துவத்தில் அடியெடுத்து வைக்கும் இளம் மருத்துவர்க்கு அந்நல்கை ஏன் வேண்டும், எவ்வாறு கிடைக்கிறது, அதனால் மக்கள் பெறும் பயன் யாது என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மருத்துவரின் இரு கடமைகள்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பேரூர் அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோவிலால் பெயர்பெற்ற இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வயலையும் தறியையும் ஆலைவேலையையும் நம்பி வாழ்வோர் பலர். கொடிய நோயென்று ஐயம் எழுந்தால் இவர்கள் நாடுவது சேலத்து மருத்துவமனைகளை. அங்குள்ள புற்றுநோய்ப் பிரிவு ஒன்றில் பணிபுரியும் இளம் மருத்துவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வரிசையில் காத்திருக்கும் ஒவ்வொருவரையும் அவர் அன்றே பார்த்தாக வேண்டும்; உரிய சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும். அது அவருடைய முதற்கடமை.

அக்கடமையைச் செய்யும்போதே சில செய்திகள் அவர் கண்ணில் படுகின்றன. வாய்ப்புற்றுநோயுடன் வருவோர் பலர், நோய் முற்றிய பின்னரே வருகின்றனர். கதிரியக்கச் சிகிச்சையைத் தொடங்கியவர்களுள் சிலர் பாதியிலேயே நின்றுவிடுகின்றனர். அவர்கள் ஏன் தாமதித்தனர்? ஏன் இடையில் நின்றனர்? எதைச் செய்தால் நிற்காமல் வருவர்? இவ்வினாக்களுக்கு உரிய விடையை அயல்நாட்டு ஆய்விதழ்களில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்குள்ள நோயாளியின் வருவாய், பயணம், குடும்பச் சூழல் ஆகியன வேறு. விடையை இம்மண்ணிலேயே தேட வேண்டும். நோயை அறிவதோடு அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்பது திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ நமக்குக் கற்பிக்கும் நெறி. அவ்வாறு ஆராய்தல் மருத்துவரின் இரண்டாம் கடமை.

முதற்கடமையால் எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர் பயன்பெறுவார். இரண்டாம் கடமை நிறைவேறினால், இன்னும் மருத்துவமனைக்கு வராத ஆயிரக்கணக்கானோர் பயன்பெறுவர். ஆனால் நாள்தோறும் நீளும் வரிசை, இரண்டாம் கடமைக்கு நேரம் விட்டுவைப்பதில்லை. வினா மனத்திலேயே தங்கிவிடுகிறது. சில ஆண்டுகளில் மறந்தும் போகிறது. இவ்விழப்பு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

ஈகத்தால் எழுந்த நிறுவனம்

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவமும் ஆய்வும் ஒருங்கே வளர்ந்த இடம் சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் நிலையம். அதற்கு வித்திட்டவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த அவர், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் அவருள் ஒரு குறிக்கோளாக உருப்பெற்றது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடினார். இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கப்பெற்றது.

முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி, அமெரிக்காவில் புற்றுநோய் மருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பி அந்நிலையத்தில் பொறுப்பேற்றார். 1955 ஏப்ரலில் மருத்துவர் வி. சாந்தா அங்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28. தேர்வாணையத் தேர்வில் வெற்றிபெற்று, எழும்பூர் மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் அரசுப் பணி கிடைத்திருந்தது. அதை விடுத்து, வருவாய் உறுதியில்லாத புதிய நிலையத்தை அவர் தேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். பின்னரே மாதம் 200 ரூபாயும் வளாகத்தில் தங்க இடமும் அளிக்கப்பட்டன. 2021 ஜனவரியில் மறையும்வரை அந்நிலையத்துடனேயே வாழ்ந்த அவர், 2005இல் மகசேசே விருதும் பின்னர்ப் பத்ம விபூஷண் விருதும் பெற்றார்.

சிகிச்சை, ஆய்வு, கற்பித்தல் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடைபெற வேண்டும் என்பது அந்நிலையத்தின் கொள்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சென்னை நகருக்கான பதிவேட்டை இந்நிலையமே ஏற்று நடத்தியது. எந்தப் பகுதியில், எந்த வயதினரை, எவ்வகைப் புற்றுநோய் தாக்குகிறது என்பதை எண்ணிக்கையாக அறிய அப்பதிவேடு வழிவகுத்தது. எண்ணிக்கை தெரிந்த பின்னரே தடுப்புத் திட்டம் தீட்ட இயலும்.

இவ்வரலாறு நம்மை வணங்கச் செய்கிறது. அதனோடு சிந்திக்கவும் செய்ய வேண்டும். ஊதியமின்றி மூன்றாண்டு உழைக்கக் குடும்பத்தின் துணையும் மனவுறுதியும் ஒருங்கே வாய்த்தவர் எத்தனை பேர்? குடும்பத்தின் முதல் பட்டதாரியாக மருத்துவம் முடித்துக் கல்விக்கடனைச் சுமந்து நிற்கும் ஒருவரிடம் அதே ஈகத்தை எதிர்பார்ப்பது முறையாகுமா? தனிமனிதரின் ஈகத்தை மட்டும் நம்பி ஓர் ஆய்வுத்துறையை வளர்க்க முடியாது. ஆர்வமும் ஆற்றலும் உடைய எவரும் பொருள் இல்லாமையால் பின்வாங்கிவிடாதபடி சமுதாயம் செய்துவைக்கும் ஏற்பாடே ஆய்வு நல்கை.

நல்கை எதனைத் தருகிறது?

நல்கை என்றவுடன் பணம் என்றே எண்ணுகிறோம். அப்பணம் எதுவாக மாறுகிறது என்று பார்த்தால் அதன் இயல்பு விளங்கும்.

முதலாவதாக, அது நேரமாக மாறுகிறது. ஒரு மருத்துவர் வாரத்திற்கு 48 மணிநேரம் பணிபுரிவதாகக் கொள்வோம். அதில் நான்கில் ஒரு பங்கை ஆய்வுக்கென ஒதுக்கினால் 12 மணிநேரம் கிடைக்கும். அந்த 12 மணிநேரமும் நோயாளிகளைப் பார்க்க வேறொருவர் வேண்டும். அவருக்கு ஊதியம் தர வேண்டும். இவ்வாறு காக்கப்படும் நேரத்தைப் ‘பாதுகாக்கப்பட்ட நேரம்’ என்பர். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் இளம் மருத்துவ ஆய்வாளர்க்கு வழங்கும் பணிவளர்ச்சி விருதுகளில், பணிநேரத்தில் பொதுவாக 75 விழுக்காடேனும் ஆய்வுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. நேரம் இல்லையேல் ஆய்வு இல்லை என்பதை அந்நிபந்தனை உணர்த்துகிறது.

இரண்டாவதாக, அது துணையாட்களாக மாறுகிறது. தரவுகளைத் திரட்டுவோர், கணக்கிடும் புள்ளியியலர், நோயாளிகளின் வீடுதேடிச் செல்லும் களப்பணியாளர், ஆய்வகத் தொழில்நுட்பர் ஆகியோரின்றி மருத்துவ ஆய்வு நடவாது.

மூன்றாவதாக, அது வழிகாட்டுதலாக மாறுகிறது. இளநிலை ஆய்வாளர்க்குரிய நல்கைகள் பலவற்றில், பட்டறிவு மிக்க மூத்தவர் ஒருவர் வழிகாட்டியாக இருத்தல் வேண்டும். தவறான வழியில் சென்று ஓராண்டை இழக்காமல் காப்பவர் அவரே.

நான்காவதாக, அது தற்சார்பாக மாறுகிறது. பிறருடைய ஆய்வில் ஒரு பகுதியைச் செய்துவந்தவர், தம் பெயரில் நல்கை பெறும்போது தம் வினாவைத் தாமே கேட்கும் உரிமை பெறுகிறார். பயிற்சி முடிந்து பணியில் சேரும் அந்தச் சில ஆண்டுகளே ஒருவர் ஆய்வாளராகத் தொடர்வாரா என்பதை முடிவுசெய்கின்றன. ஆகவேதான் இளநிலையினர்க்கெனத் தனி நல்கைகள் உலகெங்கும் ஏற்படுத்தப்பட்டுள்ளன.

ஒரு வினா ஆய்வாக மாறும் வகை

முன்பு கூறிய சேலத்து இளம் மருத்துவரின் வினாவை எடுத்துக்கொள்வோம். ஊர்ப்புறத்தில் ‘கரண்ட் வைத்தல்’ என்று வழங்கப்படும் கதிரியக்கச் சிகிச்சை, பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாள் வீதம் சில வாரங்கள் தொடர்வது. வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் வந்துசெல்லும் தினக்கூலித் தொழிலாளி, அத்தனை நாளும் கூலியை இழக்கிறார். பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும் சேர்கின்றன. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. ‘பயணத்துணையும் இடைவிடாத தொலைபேசி விசாரிப்பும் அளித்தால், சிகிச்சையை முழுமையாக முடிப்போர் எண்ணிக்கை கூடுமா?’ என்று மருத்துவர் வினவுகிறார் எனக் கொள்வோம். இவ்வினா நல்கை பெறும்வரை கடக்க வேண்டிய படிகள் பின்வருமாறு:

1. வினாவைக் கூர்மையாக்கல்: யாரிடம், எதைச் செய்து, எதனோடு ஒப்பிட்டு, எதனை அளக்கப்போகிறோம் என்பது ஒரே தொடரில் விளங்க வேண்டும்.

2. முன்னாய்வுகளைக் கற்றல்: இவ்வினாவுக்கு வேறெங்கேனும் விடை கிடைத்துள்ளதா எனத் தேடிப் படிக்க வேண்டும். அறிந்ததையே மீண்டும் அறியப் பொதுப்பணத்தைச் செலவிடுதல் முறையன்று.

3. ஆய்வுச் செயல்நெறி எழுதுதல்: எத்தனை நோயாளிகள் தேவை, அவர்களை எவ்வாறு இரு குழுக்களாகப் பிரிப்பது, எவ்வளவு காலம் பின்தொடர்வது என்பவற்றை முன்கூட்டியே எழுத வேண்டும். முடிவைப் பார்த்தபின் விதியை மாற்றுதல் கூடாது.

4. அறநெறிக் குழுவின் இசைவு: ஆய்வில் பங்கேற்போர்க்குத் தீங்கு நேராதென்பதையும், அவர்கள் முழுமையாக அறிந்தே ஒப்புதல் தருகின்றனர் என்பதையும் நிறுவனத்தின் அறநெறிக் குழு உறுதிசெய்ய வேண்டும்.

5. வரவுசெலவுத் திட்டம்: களப்பணியாளர் ஊதியம் முதல் பேருந்துக் கட்டணம் வரை ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்ட வேண்டும்.

6. வல்லுநர் மதிப்பாய்வு: அதே துறையைச் சார்ந்த வல்லுநர்கள் விண்ணப்பத்தைப் படித்துக் குறைகளைச் சுட்டுவர். வினாவின் தகுதி, முறையின் திண்மை, ஆய்வாளரின் ஆயத்தம் ஆகியன எடைபோடப்படும்.

விண்ணப்பித்தோருள் ஒரு சிலர்க்கே நல்கை கிட்டும். மறுக்கப்பட்ட விண்ணப்பத்தோடு வரும் கருத்துரைகளைக் கொண்டு திருத்தி மீண்டும் விண்ணப்பித்தல் ஆய்வுலகின் இயல்பான வழக்கம்.

திண்டுக்கல் தந்த விடை

நிதி பெற்ற வினா ஒன்று எத்தகைய பயனைத் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய், முற்றுவதற்கு முன்பே கண்டறிந்தால் தடுக்கத்தக்கது. செல்வ நாடுகள் அதற்குக் கையாண்ட சோதனைமுறைக்குத் தேர்ந்த ஆய்வகங்களும் உயிரணுக்களைக் கண்டு தெளியும் வல்லுநர்களும் வேண்டும். சிற்றூர்களில் அவற்றுக்கு எங்கே போவது? கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறமாற்றத்தைக் கண்ணால் பார்த்தறியும் எளிய முறை ஒன்று உண்டு. சமையலறையில் பயன்படும் வினிகரில் உள்ளதும் இவ்வமிலமே. பயிற்சி பெற்ற செவிலியர் இச்சோதனையை ஊர்களிலேயே செய்தால் இறப்புகள் குறையுமா? இதுவே வினா.

திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊர்த்தொகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் 57 தொகுதிகள் குலுக்கல்முறையில் சோதனைக்கும், எஞ்சிய 57 தொகுதிகள் ஒப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. 30 முதல் 59 வயதுவரை உள்ள நலமான பெண்கள் ஆய்வில் இடம்பெற்றனர். 31,343 பெண்களுக்குச் செவிலியர் சோதனை செய்தனர். உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையத்தைச் சார்ந்த வல்லுநர் ஆகியோரின் கூட்டு முயற்சி இது. பில் மற்றும் மெலிந்தா கேட்ஸ் அறக்கட்டளை நிதி வழங்கியது.

2007இல் முடிவுகள் வெளியாயின. சோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நல்கையுடன் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களிடையே நடத்திய நெடுங்கால ஆய்வும் இறப்பு 31 விழுக்காடு குறைந்ததை 2013இல் அறிவித்தது. அங்கே சோதனை செய்தவர்கள், குறுகிய காலப் பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள். விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி உயிர்களைக் காக்க இயலும் என்பது இவ்விரு ஆய்வுகளாலும் மெய்ப்பிக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவ நிலையங்களிலும் இம்முறைச் சோதனை பின்னர் இடம்பெற்றது.

அமிலம் மலிவானது, சோதனை எளியது. ஆயினும் அது பயன்தரும் என்று மெய்ப்பிக்கப் பல்லாண்டு உழைப்பும் பெருந்தொகையும் தேவைப்பட்டன. எளிய விடையையும் ஐயமின்றி நிறுவுவதற்கு நல்கை வேண்டும்.

குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்

மற்றொரு சான்று, சென்னையில் கற்ற ஒருவரின் வாழ்விலிருந்து தொடங்குகிறது. ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காக்கிநாடாவின் அறக்கட்டளை ஒன்று அளித்த உறுதிமொழியும் மாமனார் திரட்டித் தந்த பணமும் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பின. அங்கே மருத்துவமனையில் எளிய வேலைகளைச் செய்துகொண்டே ஆய்வைத் தொடர்ந்தார். பின்னாளில் அவர் வழிநடத்திய ஆய்வுக்குழு, ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கியது. பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அவற்றுள் ஒன்றைக் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகள் 16 பேருக்கு அளித்தார்; 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டதை 1948இல் வெளியிட்டார். மருந்தால் அந்நோயைத் தணிக்க இயலும் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார். அம்மருந்தின் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படுகிறது.

மருந்து கிடைத்தபின்னும் இந்தியக் குழந்தைகள் நெடுங்காலம் அதன் முழுப்பயனைப் பெறவில்லை. 1970களில் சிறந்த மையங்களில்கூட, கடுமையான நிணநீரணுக் குருதிப் புற்றுநோய்க்கு ஆளானோருள் நோய் மீளாமல் வாழ்ந்தவர் 20 விழுக்காட்டிற்கும் குறைவு. சென்னைப் புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் ஆகிய மூன்றும் அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து, 1980களில் ‘எம்சிபி 841’ என்னும் பொதுவான சிகிச்சைமுறையைக் கையாண்டன. இந்தியச் சூழலுக்கேற்ற மருந்து முறையும் மேம்பட்ட துணைச் சிகிச்சையும் சேர்ந்தபோது, நான்காண்டு முடிவில் நோய் மீளாது வாழ்வோர் 45 முதல் 60 விழுக்காடாக உயர்ந்தனர். ஓர் அறக்கட்டளையின் சிறு உதவியிலிருந்து இக்குழந்தைகளின் வாழ்வு வரை செல்லும் வழி நீண்டது. அவ்வழியில் இடையே எங்கேனும் துணை அறுந்திருந்தால் பயன் தள்ளிப்போயிருக்கும்.

நல்கை வழங்கும் அமைப்புகள்

இந்தியாவில் மருத்துவ ஆய்வுக்கு நிதி வழங்கும் தலைமை அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்னும் பெயரில் தோன்றிய இது, 1949இல் இப்பெயர் பெற்றது. மருத்துவம் பயிலும் இளநிலை மாணவர்க்கெனக் குறுங்கால ஆய்வு உதவித்திட்டத்தை 1979இல் தொடங்கியது. இரு மாத கால அளவிலான சிறிய ஆய்வை ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் மாணவர் செய்து பழக அது உதவுகிறது. முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுக்கும், பணியிலுள்ள மருத்துவரின் ஆய்வுத்திட்டத்துக்கும் இக்கழகம் நிதி அளிக்கிறது.

நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து 2008இல் இந்தியா அலையன்ஸ் என்னும் அமைப்பை நிறுவின. மருத்துவர்க்கும் பொதுநல ஆய்வாளர்க்கும் ஐந்தாண்டு ஆய்வுநல்கைகளை அது வழங்கிவந்துள்ளது; இளநிலையினர்க்கெனத் தனிப்பிரிவும் அதில் உண்டு.

2012இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு, நாட்டின் முந்நூறுக்கும் மேற்பட்ட புற்றுநோய் மையங்களை ஒன்றிணைக்கிறது. டாட்டா நினைவு மையமும் இக்கட்டமைப்பும் சேர்ந்து 2015 முதல் ‘கிரெடோ’ என்னும் ஒருவாரப் பயிலரங்கை நடத்திவருகின்றன. இளம் புற்றுநோய் மருத்துவர் தம் வினாவோடு அங்குச் செல்கிறார். மூத்த ஆய்வாளர்களின் துணையுடன் அதை முழுமையான ஆய்வுச் செயல்நெறியாக எழுதிக்கொண்டு திரும்புகிறார். நல்கைக்கு விண்ணப்பிக்கும் திறனே ஒரு கல்வி என்பதை இப்பயிலரங்கு காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

*சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கப்பட்டது. ஒரு மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி அமையும்போது சிகிச்சையோடு அம்மாவட்டத்து நோய்களை ஆராயும் வாய்ப்பும் உருவாகிறது.*

நல்கைக்குரிய அறம்

நல்கைப் பணம் மக்களின் வரிப்பணம், அல்லது கொடையாளர் நம்பி ஒப்படைத்த பணம். அதனைப் பெறுபவர் இருவருக்குக் கடமைப்பட்டவர்: ஆய்வில் பங்கேற்கும் நோயாளிக்கு ஒன்று, உண்மைக்கு மற்றொன்று.

நோயாளி தம் உடலையே ஆய்வுக்கு ஒப்படைக்கிறார். ஆய்வின் நோக்கமும் இடரும் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை அவருக்கு உண்டு; விலகினாலும் சிகிச்சை குறையக் கூடாது. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட தேசிய அறநெறி வழிகாட்டுதல்கள் இவற்றை வலியுறுத்துகின்றன. புகழ்பெற்ற ஆய்வுகளும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. திண்டுக்கல், மும்பை ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவிலிருந்த பெண்களுக்குச் சோதனை செய்யப்படாதது சரியா என்று அறநெறியாளர் சிலர் வினவினர். அக்காலத்தில் நாட்டில் பரவலான சோதனைத் திட்டமே இல்லை. ஒப்பிடாமல் பயனை நிறுவ இயலாது என்று ஆய்வாளர் தரப்பில் விடையிறுக்கப்பட்டது. இரு தரப்பையும் எண்ணிப் பார்க்கும்போதுதான் மருத்துவ ஆய்வின் கடினம் நமக்குப் புலப்படும்.

உண்மைக்குச் செய்ய வேண்டிய கடமை, எதிர்பார்த்த முடிவு வராதபோது சோதிக்கப்படுகிறது. சேலத்து மருத்துவரின் ஆய்வில் தொலைபேசி விசாரிப்பால் பயன் விளையவில்லை என்று தெரியவந்தால், அதையும் அவர் வெளியிட வேண்டும். மறைத்துவிட்டால் வேறோர் ஊரில் வேறொருவர் அதே வழியில் சென்று பணத்தையும் காலத்தையும் இழப்பார். மருத்துவச் சோதனைகளைத் தொடங்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்கை வழங்குவோர்க்கும் ஓர் அறம் உண்டு. பெருநகரங்களின் புகழ்பெற்ற நிறுவனங்களில் ஆய்வகமும் வழிகாட்டியும் விண்ணப்பம் எழுதும் பழக்கமும் முன்பே உள்ளன. மாவட்ட மருத்துவமனையில் நோயாளிகளும் வினாக்களும் உள்ளன, ஏனையவை அரிது. தகுதி என்னும் அளவுகோலைத் தளர்த்தாமலே, அத்தகுதியை எட்டும் பயிற்சியைச் சிற்றூர்சார் மருத்துவர்க்கும் அளிக்க வேண்டும். இல்லையேல் நம் வயல்வெளிகளின் வினாக்கள் கேட்கப்படாமலே போகும்.

நிறைவாக

12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை, ஊதியம் பாராமல் உழைத்த மருத்துவர்களால் நிலைத்தது. அவ்வுழைப்பின் பயனை நாம் இன்று நுகர்கிறோம். அடுத்த தலைமுறை மருத்துவரிடம் அதே துன்பத்தைக் கேட்பதைவிட, அதே ஆர்வத்தைக் கேட்டுத் துன்பத்தைக் குறைப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி. இன்று பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் உங்களுள் ஒருவர் நாளை மருத்துவராகலாம். வேறொருவர் புள்ளியியலராகவோ செவிலியராகவோ களப்பணியாளராகவோ ஆகலாம். நல்கைக்கான நிதியை ஒதுக்கும் அலுவலராகவும் ஒருவர் அமரலாம். எப்பணியில் இருந்தாலும், ‘இது ஏன் இவ்வாறு நிகழ்கிறது?’ என்று உங்கள் ஊரைப் பார்த்துக் கேட்கப் பழகுங்கள். வினா உங்களுடையதாக இருக்கட்டும். அதற்கு விடைகாணும் வாய்ப்பை உண்டாக்குவது சமுதாயத்தின் பொறுப்பு.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்திற்குச் சென்று, அங்குப் புற்றுநோய்க்கெனச் செய்யப்படும் தொடக்கநிலைச் சோதனைகளைக் கேட்டறிந்து ஒரு பக்க அறிக்கை எழுதுக.

2. உங்கள் பகுதி மக்களின் நலம் குறித்து நீங்கள் விடைகாண விரும்பும் வினா ஒன்றைத் தேர்ந்து, ‘யாரிடம், எதைச் செய்து, எதனோடு ஒப்பிட்டு, எதனை அளப்பது’ என்னும் முறையில் ஒரே தொடராக அமைக்க.

3. ‘மருத்துவ ஆய்வில் ஒப்பீட்டுக் குழு தேவையா?’ என்னும் பொருளில் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.

மதிப்பீடு

*குறுவினா*

1. பாதுகாக்கப்பட்ட நேரம் என்றால் என்ன?

2. அடையாறு புற்றுநோய் நிலையம் எந்த ஆண்டில், எத்தனை படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது?

*சிறுவினா*

3. எதிர்பாராத முடிவையும் ஆய்வாளர் வெளியிட வேண்டும் என்பதன் காரணத்தை விளக்குக.

4. திண்டுக்கல் மாவட்ட ஆய்வின் வினாவையும் விடையையும் எழுதுக.

*நெடுவினா*

5. ‘தனிமனிதரின் ஈகத்தை மட்டும் நம்பி ஓர் ஆய்வுத்துறையை வளர்க்க முடியாது’ என்னும் கூற்றைப் பாடச் சான்றுகளுடன் நிறுவுக.